இரண்டாவது ஜாங்கிரி

ஆரணி
கார்த்திகை 12

அன்புள்ள லாவண்யா,

இங்கே நானும் உன் தம்பி கிரணும் நலம். அப்பாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் உன்னோடு பேசினால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் கடிதம். ஆபீசில் பிரிக்காதே, அறைக்குப் போய்ப் படி.

முகூர்த்தப் புடவை தறியில் ஏறிவிட்டது. நீ கேட்ட அரக்குதான், கரை பச்சை. வீரன் நெய்கிறார். அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். மழை விட்டபாடில்லை. மாடிச் சுவர் ஓரத்தில் ஒழுகுகிறது, தையில் கல்யாணத்துக்கு முன் பூச வேண்டும்.

ஆடியில் அப்பாவுக்குக் கால் பெருவிரலில் புண் வந்து வேலூரில் காட்டியது உனக்குத் தெரியும். அது சர்க்கரைப் புண் என்பதை உனக்குச் சொல்லவில்லை. நோய் நெடுநாளாக இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், சோற்றைப் பற்றிப் பிறகு பேசலாம், டீயில் போடுகிற சர்க்கரையையும் பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ், கடை இனிப்பையும் இன்றே விடுங்கள் என்றார். வீடு வந்ததும் சர்க்கரை டப்பாவைக் காலி செய்தேன். உன் அத்தை தனக்கோடி நாட்டுச்சர்க்கரை கொண்டுவந்து, “இது ஒண்ணும் பண்ணாது அண்ணி, வெள்ளச் சர்க்கரதான் விஷம்” என்றாள். நிறம்தான் வேறு என்று திருப்பிக் கொடுத்தேன். இன்னும் அந்தக் கோபம் அவளுக்கு இருக்கிறது.

முதலில் அப்பா சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டு, “இன்னாது இது கழனித்தண்ணி, மாட்டுக்கு ஊத்து” என்று கிரணிடம் டம்ளரை நீட்டுவார். பிறகு பழகிவிட்டது. நாக்கு மாறும் என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆவணியில் ஒருநாள் எதிர்வீட்டில் கொடுத்த காபியை இனிப்பு தாங்கவில்லை என்று பாதியில் வைத்துவிட்டார். புண்ணும் சுருங்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் விக்னேஷ் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். அவருடைய பெரியப்பா சர்க்கரையால் கிட்னி கெட்டு, வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்தும் பிழைக்கவில்லையாம். அதனால் விக்னேஷின் அம்மா நேராகவே, “தப்பா நெனைக்காதீங்க, உங்க வீட்ல யாருக்காச்சும் சுகர் இருக்குதுங்களா?” என்று கேட்டார். பட்ட வீடு கேட்கத்தான் செய்யும். நான் வாய் திறப்பதற்குள் உன் அத்தை, “எங்க அண்ணனுக்கா? கல்லத் துன்னாலும் செமிச்சுடும்” என்று சொல்லிவிட்டாள். அப்பா தலையை ஆட்டினார். நான் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

சொன்ன பொய்யைத் தினமும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. நிச்சயத்தன்று அப்பா ஜாங்கிரியைத் தின்று முடித்து இன்னொன்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? உன் மாமனார் இராஜமாணிக்கம், “சம்பந்தி, பந்தில மத்தவங்களுக்கும் கொஞ்சம் வைங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆசைக்கு அவர் கேட்கவில்லை, லாவண்யா. எதிரில் இருந்தவர்களுக்குக் காட்டுவதற்காகத் தின்றார்.

விக்னேஷின் சித்தப்பா கடையில்தான் அப்பா தறிக்கு ஜரிகை வாங்குகிறார். போகும்போதெல்லாம் டீ வரும். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். சர்க்கரை இல்லாமல் கேட்டால் அந்தக் கேள்வியும் தேவைப்படாது. ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். சித்தப்பா டீக்காரரைப் பார்த்து, “சம்பந்திக்கு சர்க்கர தூக்கலா” என்று குரல் கொடுத்தார். அப்பா என்னைக் காட்டி, “நல்லா போடுப்பா, வூட்ல இவ கஞ்சத்தனம் பண்ணிகினு இருக்கா” என்றார். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

போன வாரம் அப்பா வீட்டுக்குள் நடந்து வந்த வழியெல்லாம் தரையில் ரத்தம். செருப்பு வாரின் ஆணி கழன்று அந்தப் பழைய புண்ணிலேயே ஏறியிருக்கிறது. கடைத்தெருவிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார். நான் கூச்சலிட்டதும் குனிந்து பார்த்து, “வலிக்கலியே” என்றார். ரத்தத்தைவிட அந்தச் சொல்தான் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது விரல் கறுத்துவிட்டது. உடனே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் விரலோடு நிற்காது என்கிறார் டாக்டர். இவர், “தை தாண்டட்டும். ஆஸ்பத்திரில படுத்தா ஊரே வந்து பாக்கும், அவுங்களும் வருவாங்க” என்கிறார். சாக்ஸ் போட்டுக்கொண்டு, ஷூ கடித்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்கிறார். மாத்திரை விழுங்குகிறார். டீயும் குடிக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் வாய் திறக்கக் கூடாது என்று உன் பெயரில் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்குச் சத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தும் உன் பெயர் என்பதால் மீற முடியவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

விக்னேஷிடம் நீயே சொல்லிவிடு. நல்லவர் என்றுதான் நினைக்கிறேன். நான் நினைப்பது சரிதானா என்பது அவர் பதிலில் தெரிந்துவிடும். இந்தச் சம்பந்தம் முறிந்தால் அப்பா என்னோடு பேசாமல் போகலாம். அதோடு நான் இருந்துகொள்வேன். சம்பந்தம் முறிவது உனக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்துதான் எழுதுகிறேன். விக்னேஷிடம் சொன்ன கையோடு அப்பாவைக் கூப்பிட்டு, அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று சொல். நீ சொன்னால் போவார். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இந்தத் தையிலோ வேறொரு தையிலோ, இவரோடோ வேறொருவரோடோ, நீ மணமேடையில் எங்கள் இருவர் காலையும் கழுவி மஞ்சள் பூசும் நாள் வரும். அன்று அப்பாவுக்கு ஒரு விரல் குறைந்திருந்தால் பரவாயில்லை. நீ கழுவுவதற்கு அவருக்குக் கால் இருக்கட்டும்.

நன்றாக இரு.

உன்
அம்மா