நாத்தனாரின் காய்ச்சல் ஐந்தே நாள்

மார்ச் 4
கூடத்தில் இருந்தவர்கள்: நான், அவர், மகள், எங்களைப் பார்க்க வந்த டாக்டர். மாடிப்படியின் கடைசிப் படியில், முகக்கவசத்தோடு, நாத்தனார். மொத்தம் ஐந்து பேர். டாக்டரைத் தவிர எல்லோரும் ஒரே ஃப்ளூவில் விழுந்து எழுந்தவர்கள்.

என் காய்ச்சல் கணக்கைக் காட்டினேன். எனக்குப் பதினொரு நாள், அவருக்கு எட்டு, மகளுக்கு ஆறு. நாத்தனாருக்கு ஐந்து.

ஐந்தா! மூட்டு நோய்க்கு அவள் போட்டுக்கொள்ளும் ஊசி, ஆன்டிபாடி செய்யும் செல்களையே துடைத்துவிடும். தடுப்பூசி போட்டும் பரிசோதனைத் தாளில் ஆன்டிபாடி பூஜ்யம். அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஏழு மாதமாக அவளை மாடி அறையிலேயே வைத்திருக்கிறோம். வைத்திருக்கிறோம் என்ன, வைத்தவள் நான்.

"பூஜ்யத்தைக் கையில வச்சுக்கிட்டே முதல் ஆளா எழுந்துட்டேன் பாருங்க அண்ணி!" என்றாள்.

டாக்டர் சிரித்தார். "டி செல்னு ஒண்ணு இருக்கும்மா. அந்தத் தாள் அதை எண்ணாது."

எண்ணாதா?

மார்ச் 5
நாத்தனார் பாடம் நடத்திய மழலையர் பள்ளியிலிருந்து கடிதம். இருபதாம் தேதிக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். பெயர் அவளுடையது, பிரித்தது நான். 'வர இயலாது' என்று எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. டாக்டர் சொன்னதே மண்டைக்குள் சுற்றுகிறது.

மார்ச் 6
மகளின் புத்தகத்தில் டி செல் பற்றி அரைப் பக்கம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்தேன்.

மார்ச் 9
புரிகிற மாதிரி இருக்கிறது. ஆன்டிபாடி வெளியே திரியும் வைரஸைப் பிடிக்கும். வைரஸ் செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடியால் எட்டிப்பிடிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு செல்லும், உள்ளே என்ன தயாராகிறதோ அதில் துணுக்கு துணுக்காகத் தன் மேற்பரப்பில் எடுத்து வைக்குமாம். டி செல் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். வைரஸின் துணுக்கு தென்பட்டால் அந்தச் செல்லையே தீர்த்துவிடும். வாசலில் இருக்கும் குப்பைக்கூடையை வைத்தே அடுத்த வீட்டுச் சமையலை நான் சொல்வேனே, அதே வித்தை!

அவரிடம் சொன்னேன். "அப்ப உன் உடம்பு முழுக்க டி செல்தான்." வாயைப் பார்!

ஆண்டவனே, இதையெல்லாம் எப்போது உட்கார்ந்து யோசித்தாய்?

மார்ச் 10
பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. நுரையீரலில் வைரஸைத் தேடும் டி செல்லிடமே நின்றது.

மார்ச் 12
ஃப்ளூ வைரஸ் வருடா வருடம் மேல்சட்டையை மாற்றுகிறது. பழைய ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரிவதில்லை. உள்பாகங்கள் அவ்வளவாக மாறுவதில்லை, டி செல் அவற்றையும் படிக்கும். பழைய ஃப்ளூவைப் பார்த்த சில டி செல்கள் நுரையீரலிலேயே குடியிருக்குமாம், சில காலமாவது. நாத்தனார் இருபது வருடம் குழந்தைகளோடு இருந்தவள். எத்தனை மூக்கொழுகல், எத்தனை தும்மல்! அதெல்லாம் வீணில்லையோ?

மார்ச் 14
டாக்டருக்கு ஃபோன் செய்தேன். "அப்ப அவளுக்குப் பயமே இல்லையா?"

"அப்படிச் சொல்லலம்மா. டி செல் நோய் வராம தடுக்காது, முத்தாம பாத்துக்கும். அதுவும் உறுதியில்ல. அவங்களுக்கு முதல் நாளே மாத்திரை ஆரம்பிச்சோம், அதுவும் காரணமா இருக்கலாம். ஒரு வீட்டுக் கணக்கை வச்சு ஊர்க் கணக்கு போடாதீங்க."

சரி என்றேன். டாக்டர் விடவில்லை. "ஜாக்கிரதைன்னுதான் சொன்னேன். பூட்டி வைக்கவா சொன்னேன்? அவங்களைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஏழு மாதத்தில் ஒரு நாள் கூட. விடுப்புக் கடிதத்தைக் கூட நான்தான் எழுதினேன், கையெழுத்து மட்டும் வாங்கினேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! ஆன்டிபாடின்னு ஒரே ஒரு பத்தியை மட்டும் கூட்டி அடியில் மொத்தம் போட்டுட்டேனே — இதுல கணக்குல கெட்டிக்காரின்னு பேரு வேற.

மார்ச் 15
மாடிப்படி வரை போய்த் திரும்பினேன். இரண்டு முறை. நேரில் பேசினால் நானே பேசி நானே முடிவும் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?

மார்ச் 16
அவள் அறைக் கதவிடுக்கில் வைத்த சீட்டின் நகல்:

'பள்ளியின் கடிதம் இத்துடன் இருக்கிறது. உன்னுடையது, நான் பிரித்துவிட்டேன், தப்பு. பதினொரு நாள் ஒளித்தும் வைத்தேன், அது அதைவிடத் தப்பு. டாக்டர் சொன்ன நல்லதையும் ஆபத்தையும் பின்பக்கம் அப்படியே எழுதியிருக்கிறேன். முடிவு எழுதவில்லை. நீ போனாலும் சரி, இருந்தாலும் சரி, இனி நான் குறுக்கே நிற்க மாட்டேன். கடைசி நாள் இருபது. சீக்கிரம் பதில் சொல்.'