கஞ்சிக்காரர் குடிக்காத கஞ்சி

மாதா துணை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்.
வியாழக்கிழமை.

அன்புள்ள பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் ஆண்டவர் கிருபையில் இங்கே நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் நன்றாக இருப்பதாக நீ சொல்வதை வைத்துத்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தினமும் போனில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் கட்டைவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், போனில் பேசலாம் என்றால் எனக்குச் சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாம் வாயில் வரும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கங்களைப் படமெடுத்து இன்றே அனுப்பிவிடுவேன், அசல் பிறகு முருங்கைக்கீரைப் பொடியோடு பார்சலில் வரும்.

அப்பாவின் லோடு ஆட்டோவுக்குப் பின் டயர் இரண்டும் மாற்றியாயிற்று. செம்பட்டி சந்தைக்குக் கொய்யா ஏற்றப் போகிற நாட்களில் விடியுமுன்னே கிளம்பிவிடுகிறார், போகுமுன் உன் படத்துக்கு முன்னால் நின்று மணி பார்க்கிறார், ஜெர்மனியில் இப்போது மணி என்ன என்று விரல் விட்டு எண்ணி தினமும் தப்பாகச் சொல்கிறார். மூன்று தெருவுக்கும் சேர்த்து அரை மணி நேரம் மழை பெய்தது. வேறு விசேஷம் இல்லை. மொழித் தேர்வு முடிவு வந்ததா என்று நான் ஐந்து வாரமாகக் கேட்கிறேன், நீயும் ஐந்து வாரமாக "வரும்மா" என்கிறாய். அதில் தேறாவிட்டால் நர்சிங் பயிற்சியை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, ஆனால் தூக்கத்தில் சொல்கிறார். இந்தக் கவலையை எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் மழையையும் டயரையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் போன சனிக்கிழமை உன்னால் எனக்கு நேர்ந்த மானக்கேட்டைக் கேள்.

நீதானே அந்த பிரபு தம்பிக்கு மெசேஜ் போட்டாய். பேங்கில் வேலை பார்க்கிற பிள்ளை, மாதம் ஒரு பழைய படம் போட்டு, போடுமுன் யாராவது ஒருவரைப் பத்து நிமிடம் பேசச் சொல்கிறது என்று ஊருக்கே தெரியும். இந்த மாதம் கவனிக்கப்படாத நடிகர் என்று தலைப்பு வைத்ததும், எங்கள் அம்மாவுக்கு ஒரு குங்ஃபூ நடிகரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஜெர்மனியிலிருந்து எழுதிவிட்டாய். அவர் பள்ளிக்கூட அலுவலகத்துக்கே வந்து என் மேசை முன்னால் நின்று, "அக்கா, நீங்கதான் பேசணும், பாப்பா எல்லாஞ் சொல்லிருச்சு" என்றார். உன் அம்மா மேடைக்கு ஆனவளா? நம் குடும்பத்தில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அந்தப் பட்டத்தையே பயத்தில் மேடையின் தப்பான பக்கத்துப் படியில் ஏறிப் போய், எனக்கு முன்னால் பெயர் கூப்பிட்ட பெண்ணின் மேல் மோதி வாங்கினேன். இருபது வருடமாக அலுவலகத்தில் தபால் பிரிக்கிறேன், இன்னும் தலைமையாசிரியர் என்னைப் பார்த்தால் "புதுசா?" என்று கேட்கிற மாதிரிதான் பார்க்கிறார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "சரிங்க தம்பி" என்று வந்துவிட்டது. மறுப்பதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

கஞ்சிக்காரர் என்று நான் சொல்வேனே, உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் கதை சொல்லியிருக்கிறேனே, அவரைப் பற்றித்தான். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது எங்கள் தெருவுக்குப் பொம்மையன் அண்ணன் கேபிள் இழுத்தார். அவரிடம் இருந்தது மொத்தமே ஏழெட்டு கேசட். அதில் ஒன்றின் மேல் அவரே காகிதம் ஒட்டி "சண்டை 4" என்று எழுதி வைத்திருந்தார், படத்தின் உண்மையான பெயர் அவருக்கும் தெரியாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்தப் படம்தான். எல்லாரும் இங்கிலீஷில் பேசுவார்கள், எங்களுக்கு ஒரு சொல் புரியாது, அடியும் உதையும் நன்றாகப் புரியும். மலைமேல் ஒரு குங்ஃபூ பள்ளிக்கூடம், ஒரு வயதான ஆசான், சட்டை போடாத கதாநாயகன், இவர்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிற ஒரு நொண்டிக்கால் சமையல்காரர். மற்ற பிள்ளைகள் கதாநாயகனைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டுவார்கள், நான் அந்தச் சமையல்காரரையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூலையில் நிற்கிறவர்களைப் பார்ப்பது மூலையில் நிற்கிறவளுக்குச் சுலபம். ஆனால் இரண்டே முக்காலுக்குக் கோயில் மணி அடித்துவிடும், மூன்று மணிக்கு மறைக்கல்வி வகுப்பு. படம் முடிய இன்னும் அரை மணி இருக்கும், எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து ஓடுவோம், வராதவர்களை சிஸ்டர் முழங்காலில் நிற்க வைப்பார். ஆகவே அந்தப் படத்தின் முடிவு தெரிந்த பிள்ளை எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. கோயிலுக்கு நடக்கும்போது நாங்களே ஒரு முடிவு செய்துகொள்வோம். ஆசானைக் கொல்ல எதிரி எறிகிற கத்தியைக் கஞ்சிக்காரர் குறுக்கே பாய்ந்து தன் நெஞ்சில் வாங்கிக்கொள்வார், ஆசானின் மடியில் உயிர் போகும். இந்தக் காட்சியைச் செய்தவள் நான்தான். எத்தனையோ வருடம் சொல்லிச் சொல்லி, அதைக் கண்ணால் பார்த்ததாகவே மனசுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அந்த மனிதரின் நடிப்பு இருக்கிறதே பாப்பா, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. படம் முழுக்க அடி வாங்குகிறார். நாற்பது படிக்கட்டில் ஒரு உருளல், நடுவில் வெட்டே இல்லை, அது டூப் இல்லை, அவர் உடம்புதான். விழுந்து எழுந்ததும் யாராக இருந்தாலும் முதலில் முட்டியைத் தடவுவான். இவர் கஞ்சிப்பானையைத் திரும்பிப் பார்ப்பார், அது சிந்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் வலிக்கும். எல்லாருக்கும் ஊற்றுவார், தன் கிண்ணத்திலும் ஊற்றிக்கொள்வார், வாய்வரை கொண்டுபோவார், அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள், கீழே வைத்துவிடுவார். ஒரு தடவைகூட ஒரு வாய் குடிக்கமாட்டார். எனக்கு அதைப் பார்த்து அழுகை வரும். பிறகு நீ போன் வாங்கிக் கொடுத்ததும் வேறு படங்களிலும் அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன், ஒரு படத்தில் சத்திரத்து வேலையாள், ஒன்றில் கூட்டத்தில் மூன்றாவது அடியாள், ஒன்றில் வெறும் பிணம். பிணமாகக்கூட மற்றவர்களைவிட நன்றாகக் கிடந்தார். எதிலும் அவர் பெயர் முன்னால் வரவில்லை, கடைசியில் சீன எழுத்துக் கூட்டத்தில் எது அவர் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட நாளில் ஒரு நோட்டில் அவரைப் பற்றி எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு வரி: "பானை சரியும்போது நொண்டிக்காலை ஊன்றிவிட்டார், பாவம், மறந்துவிட்டார் போல, மன்னிக்கலாம்." அவரை மன்னிக்க நான் யார், பார்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். நூலக மாடியில் அறுபது பேர் இருப்பார்கள். பொம்மையன் அண்ணன்தான் அந்தப் பழைய கேசட்டைப் பரணிலிருந்து எடுத்து பிரபு தம்பியிடம் கொடுத்திருக்கிறார், அவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார், அண்ணனைப் பின்வரிசையில் மரியாதையாக உட்கார வைத்திருந்தார்கள். உன் அப்பா முன்வரிசையில், கோயில் பாடற்குழு ஆரோக்கியம்மாள் அக்கா அவருக்குப் பக்கத்தில். இந்த ஊரில் எத்தனையோ கூட்டத்தில் மைக் வேலை செய்யாமல் போயிருக்கிறது, அன்றைக்கென்று பார்த்து என் மூச்சு சத்தம்கூட கணீரென்று கேட்டது. நான் தாளைப் பார்த்தே படித்தேன். தான் பட்டினி கிடந்து பிறருக்கு ஊட்டுகிற தாயுள்ளத்தை இந்த நடிகரைப் போல் காட்டியவர் இல்லை என்று படித்தேன். ஒரு வாய் கஞ்சி குடிக்காத அந்தத் தியாகத்தைப் பாருங்கள் என்று படித்தேன். கடைசியில் ஆசானின் மடியில் உயிர்விடும் காட்சிக்குக் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் படித்தேன். பின்வரிசையில் பொம்மையன் அண்ணனுக்கு ஒரே இருமல். தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

படம் ஓடியது. இரண்டே முக்கால் மணிக்கு நான் எழுந்து ஓடுகிற இடமும் தாண்டிப் போனது. முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதற்கு மேலே பார்க்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆசான் கையைத் தூக்க முடியாமல் தடுமாறுகிறார். கஞ்சிக்காரர் பானையைக் கீழே வைக்கிறார். நிமிர்கிறார். அந்த நாற்பது படியிலும் நொண்டாமல், மாப்பிள்ளை மாதிரி ஏறி வருகிறார். கத்தியும் இல்லை, மடியும் இல்லை. அந்தக் கஞ்சியில்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து வைத்து எல்லார் கையையும் காலையும் வலுவிழக்கச் செய்திருக்கிறார், வில்லனே அவர்தான். அதனால்தான் அவர் குடிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து வைத்திருந்த அறுபது பேரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள் பார், மின்விசிறி சத்தம் கேட்கவில்லை. உன் அப்பாதான் முதலில் சிரித்தார், அதை மறக்கமாட்டேன். எனக்குச் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மூடவில்லை, ஏனென்றால் திரையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. அந்தக் காலை ஊன்றியது மறதி இல்லை. பானையைப் பார்த்தது பாசம் இல்லை. முதல் காட்சியிலிருந்து எல்லாவற்றையும் நமக்குக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், நான்தான் அதற்கெல்லாம் என் இஷ்டத்துக்கு அர்த்தம் வைத்திருக்கிறேன். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் பிரபு தம்பி தர்மசங்கடமாக, "அக்கா, ஏதும் சொல்றீங்களா?" என்று மைக்கை நீட்டினார். தாளில் எழுதாததை நான் பேசியது அதுதான் முதல் தடவை. "நான் படிச்சது பூராம் தப்புங்க. ஆனா இந்த மனுசன் முப்பது வருசமா என்னைய ஏமாத்திருக்காரு. இம்புட்டு நல்லா நடிக்கிறவரு பேர முன்னாடி போடாம விட்டுட்டாங்களே" என்றேன். கை தட்டினார்கள். இந்தத் தடவை திரையில் கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அதில் எது அவர் பெயர் என்று யாருக்கும் தெரியாது, எல்லாப் பெயருக்கும் சேர்த்துத் தட்டினோம்.

படியிறங்கும்போது பொம்மையன் அண்ணன், "ஏத்தா, நான் அம்புட்டுத் தடவ போட்டும் நீ பாதிதான் பாத்தியாக்கும்? அந்த மடி சீனு எந்த கேசட்ல ஆத்தா இருக்கு, எனக்கும் ஒண்ணு குடு" என்றார். ஆரோக்கியம்மாள் அக்கா அன்றிலிருந்து நம் வீட்டுக் காபியைத் தொடுவதில்லை, "நீ மொதல்ல ஒரு மடக்குக் குடி ஆத்தா, அப்பறம் பாப்போம்" என்கிறார். மறுநாள் காலையில் கம்பங்கஞ்சி கரைத்துக் கொடுத்தால் உன் அப்பா டம்ளரை என் பக்கமே திருப்பி, "ஏ மேரி, எனக்கு ஒரு மக இருக்கா, அவளுக்குக் கல்யாணம் பண்ணணும்" என்கிறார். இப்போது தினமும் அவர் முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

சரி, சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். படம் போட்ட மறுநாள் ஞாயிறு நீ வழக்கம்போல மத்தியானம் கூப்பிட்டாய். வழக்கம்போலக் கிண்ணத்தைக் காமிராவில் காட்டினாய், "சாப்பிட்டுட்டுத்தாம்மா இருக்கேன்" என்றாய். கரண்டியை எடுத்தாய், வாய்வரை கொண்டுபோனாய், ஏதோ பேச்சு வந்தது, கரண்டி கிண்ணத்துக்கே திரும்பிவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு மாதமாக நீ எனக்குக் கிண்ணம் காட்டுகிறாய் பாப்பா, ஒரு வாய் விழுங்கி நான் பார்த்ததில்லை. இதற்கு முன்னால் இதையும் நான்தான் என் இஷ்டத்துக்கு, அம்மாவோடு பேசுகிற சந்தோஷத்தில் பிள்ளை சாப்பாட்டை மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கோயில் மணி அடித்தது. இப்போது வகுப்புக்குப் போகிற பிள்ளை இல்லை நான், மறைக்கல்வியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர், ஆனாலும் மணிக்குப் பழகிய கால் எழுந்துவிட்டது. "போய்ட்டு வாங்கம்மா" என்று நீ சிரித்தாய். நான் போன பிறகு போனை வைத்துவிட்டு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. உன்னுடைய கடைசி அரை மணியையும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கோயிலுக்கு நடக்கிற வழியில் நானே ஒரு நல்ல முடிவு செய்துகொண்டு போயிருக்கிறேன்.

உன்னை நடிக்கிறாய் என்று குறை சொல்லவில்லை. நடித்தால் எங்களுக்காகத்தான் நடிப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். தேர்வில் தேறவில்லை என்றால் தேறவில்லை, பயிற்சி நின்றால் நிற்கட்டும். பசிக்கவில்லையா, அந்த ஊர் பிடிக்கவில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா, எதுவானாலும் அதைக் கேட்க எனக்குத் தெம்பு இருக்கிறது, அறுபது பேர் சிரித்ததையே தாங்கிவிட்டேன். தேறியிருந்தால் அதையும் சொல், அப்பாவாவது நிம்மதியாகத் தூங்கட்டும். ஆரோக்கியம்மாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன், வருகிற ஞாயிறு என் வகுப்பை அவர் பார்த்துக்கொள்கிறார், பதினெட்டு வருடத்தில் முதல் விடுப்பு. "என்ன சீக்கு?" என்று கேட்டார். "மக சாப்பிடுறத பாக்கணும்க்கா" என்றேன். கேலி ஒன்றும் செய்யாமல், "போத்தா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மாதா உன் கூடவே இருக்கட்டும், நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் ஆண்டவர் உனக்குக் கொடுக்கட்டும். காதை மூடித் துணி கட்டிக்கொள், ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஞாபகம் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தில் சூடாக ஏதாவது போட்டு வைத்துக்கொண்டு கூப்பிடு. இங்கே நானும் ஒரு டம்ளர் கஞ்சியோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டே முக்காலுக்கு மணி அடிக்கும், உனக்கும் கேட்கும். நான் எழுந்திருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
முதல் வாயைத் தானே குடித்துக் காட்டும் உன் அம்மா,
பி. ஆனந்தமேரி, பி.ஏ.