தவமலரின் காப்பு

தோட்டத்து லயத்து வீடு
12.4.2024

ரஞ்சிதத்துக்கு,

உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தவள் நான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. உன் மகள் கல்யாணத்தில் கூடப்பிறந்த அக்காவைக் கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாம்பாருக்கு உட்காரவைத்தாயே, அது சாகும்வரை நெஞ்சில் நிற்கும்.

தவமலருக்குக் காய்ச்சல். தாயில்லாத பேத்தி. பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டியிருக்கிறாள். விரதமென்று வெறுங்காலோடு கோயில் பின்னால் அடைத்துக் கிடந்த கால்வாயில் இறங்கிச் சுத்தம் செய்தாள். பாதமெல்லாம் வெடிப்பு. இப்போது கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே அலறுகிறாள். அம்மன்தான் இறங்கியிருக்கிறாள். மருந்து கூடாது. உன் மகன் லிங்கேஸ்வரன் ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறானே, வேப்பிலை கொண்டுவரச் சொல். அவ்வளவுதான்.

காளியம்மா

கம்போங் ராஜா
13.4.2024

அக்கா,

வேப்பிலை வராது, லோரிதான் வருகிறது. அவளை ஏற்றிவிடு. இது அம்மன் இல்லை. என் வீட்டுக்காரருக்கும் கால்வாயில் இறங்கித்தான் வந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குமாம். கால் வெடிப்பில் நுழைந்து, ரத்தத்தோடு ஓடி, ஈரலிலும் சிறுநீரகத்திலும் குடியேறிப் பெருகுமாம். நடுவில் காய்ச்சல் விடும், நம்பாதே. அவரும் எழுந்து கஞ்சி கேட்டார். "பயப்படாத புள்ள, நல்லாயிட்டேன்லா" என்றார். பிறகு கண் மஞ்சளானது, மூத்திரம் நின்றது. அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். மீதி உனக்குத் தெரியும்.

தங்கை ரஞ்சிதம்

13.4.2024

ரஞ்சிதத்துக்கு,

உன் மகன் வாசலில் நிற்கிறான். வெறும் லோரியோடுதான் திரும்புவான். காப்புக் கட்டியவள் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, உனக்குத் தெரியாததா? அம்மன் சும்மா விடமாட்டாள். காய்ச்சலும் விட்டுவிட்டது. கஞ்சி கேட்டாள். "பயப்படாதீங்க பாட்டி, நல்லாயிட்டேன்லா" என்று

ஆஸ்பத்திரி
15.4.2024

தங்கச்சி,

அதே தாளில் எழுதுகிறேன். அந்த வரியில் கை நின்றுவிட்டது. ஓடிப்போய் அவள் கண் இமையைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள். அரிவாள்மணையை எடுத்துக் காப்பை நானே அறுத்தேன். உன் மகன்தான் தூக்கி ஏற்றினான். தோட்டத்து எல்லை தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

மூத்திரம் இறங்கவில்லை. மெஷினில் ரத்தத்தைக் கழுவுகிறார்கள். ஊசி மருந்து ஏறுகிறது. "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது பாட்டி" என்கிறார் டாக்டர். அறுத்த கயிறு என் முந்தானை முடிச்சில் கிடக்கிறது. ராத்திரியும் பகலும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். கிருமிக்குப் பயப்படுவதா, அம்மனுக்கா? தெரியவில்லை.

அவள் காப்பையே அறுத்துவிட்டேன், என் சத்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? புறப்பட்டு வா, பக்கத்தில் உட்கார். பந்தியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நேரில் திட்டுகிறேன்.

அக்கா