நாலு ஓட்டையும் ஒரு நீளக் கீறலும்

9.2.2009, திங்கள்
நான் முன்னமே சொன்னேன். தம்பி வேலுவின் கண் மஞ்சளானபோது, "இது வெறும் காமாலை இல்லடா" என்று வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர்கள் இப்போது வாயைத் திறக்கவில்லை. கணையத்தில் கட்டி, சீக்கிரம் எடுக்கணும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டாக்டருக்கு ஸ்கேன் தேவைப்பட்டது. எனக்குத் தேவைப்படவில்லை.

11.2.2009
வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்வார்களாம். விடுவேனா? ஆம்பூரில் இருபத்தாறு வருஷம் தோல் தரம் பிரிக்கிறவன். ஒரு கத்திக் கீறல் விழுந்தால் முதல் ரகம் மூன்றாம் ரகமாகிவிடும். டெல்லியில் ரோபோ வைத்துச் செய்கிறார்கள், நாலைந்து சின்ன ஓட்டைதான். எங்கள் தோல் ஷெட்டில் வேலை பார்க்கும் ஆபித் பாஷா அங்கே இதே கணையத்துக்குச் செய்துகொண்டு ஐந்தாம் நாள் பிரியாணி சாப்பிட்டதை எடுத்துச் சொன்னேன். வேலு முகம் தெளிந்தது. "அப்போ டெல்லியே போய்டலாம்ண்ணா."
என் பேச்சை அவன் தட்டினதே இல்லை.

19.2.2009
வேலுவின் மகள் மோகனா நர்ஸ். எனக்கே பாடம் எடுக்கிறாள். "டாக்டரையே கேட்டேன் பெரியப்பா. ரோபோல காயம் சின்னது, ரத்தம் கம்மி, சீக்கிரம் எழுந்துக்கலாம். ஆனா உள்ள ஒரே வேலைதான். கணையத்தைக் குடலோட தைக்கிற இடம் ரெண்டு முறையிலயும் ஒழுகலாம். யாரு ஜாஸ்தி செஞ்சிருக்காங்கன்னுதான் பாக்கணும். நீங்க வெளித்தோலையே பாக்கிறீங்க."
"தோலைப் பாத்துத்தான் உங்கப்பனைப் படிக்க வெச்சேன்" என்றேன்.

23.2.2009, திங்கள்
டெல்லி ரயில் டிக்கெட்டோடு வேலுவைச் சேர்த்திருந்த வார்டுக்குப் போனேன். கட்டில் காலி. காலையிலேயே தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வயிற்றைத் திறந்துதான். வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டிருக்கிறான். மூணு நாள் என் முகத்தைப் பார்த்து, "டிக்கெட் கெடைச்சுதாண்ணா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.
"உங்ககிட்ட சொன்னா அப்பா மனசு மாறிடும் பெரியப்பா." இது மோகனா.
நான் இன்னா தப்பு பண்ணேன்? கூடப் பொறந்தவன்டா நானு. பக்கத்துக் கட்டில்காரனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு —

24.2.2009
போகவில்லை.

1.3.2009
போகவில்லை. என் சம்சாரம் சம்பூர்ணம் மட்டும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். "அவரு உங்களதான் கேக்குறாரு" என்றாள். கேட்கட்டும்.

4.3.2009, புதன்
நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். பாதியாகிவிட்டான். உள்தையல் ஒழுகுகிறதாம், வயிற்றில் குழாய். தானாக நின்றுவிடலாம், நிற்காவிட்டால் மறுபடி திறக்கணுமாம். மோகனாவை டீ வாங்க அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தான்.
"அண்ணா, பாஷா பாய்க்கு எத்தினி நாள்ல குழாய எடுத்தாங்க?"
"பன்னெண்டு."
"குழாயோடவா பிரியாணி சாப்ட்டாரு?"
"குழாயோடத்தான்."
விரல் விட்டு எண்ணினான். "எனக்கு இன்னும் மூணு நாள்" என்று கண்ணை மூடினான். கேட்க வந்த நாலில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

7.3.2009, சனி
குழாயை எடுக்கவில்லை. ஒழுகல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர். வேலு அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டான்.
"பன்னெண்டு நாள்னு பாய்தானே சொன்னாரு?"
"ஆமா" என்றேன்.
பாய்க்கு எடுத்தது பித்தப்பைக் கல். வாணியம்பாடியில். ரோபோவும் இல்லை, குழாயும் இல்லை. பிரியாணி ஒன்றுதான் நிஜம்.