பதினோரு நாள் மழை

ஜூலை 7, திங்கள்

விடிந்தது முதல் மழை. போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. குடைக்கம்பி ஒன்று விலகிவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும். கடுகு, சோப்பு, ரத்த அழுத்த மாத்திரை.

செல்வி சரியாக ஒன்பதுக்கு வந்தாள். செருப்பை வெளியே விட்டாள், இன்று சொல்லாமலே. வாட்ச்மேன் வேலுச்சாமியின் மகள். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தபடியே வேலை: சாப்ட்வேர் சரியாக நடக்கிறதா என்று சோதிப்பது. லயத்து வீடுகளில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நெட் நிற்பதில்லை, ஆகவே என் சாப்பாட்டு மேசை. இந்த மழை எச்சரிக்கை வேலை சம்பளத்துக்கு அல்ல, லயத்துக்காகச் செய்கிறாள்.

ஏற்பாடு, என் நினைவுக்கு:

– எஸ்டேட் ஆபீசுக்குப் பின்னால் மின்சார மழைமானி. அதுவே அளந்து அனுப்பும்.

– அளவு ஓர் எல்லையைத் தாண்டினால் லயத்துப் போன்களுக்கெல்லாம் 'வெளியேறவும்' என்று செய்தி.

– எல்லை எவ்வளவு? அதைப் பழைய மழைதான் சொல்ல வேண்டும். பழைய மழை என்றால் என் பதிவேடு. ஆபீஸ் கிளார்க்காக முப்பத்தோரு வருடம், காலை எட்டரைக்கு நானே அளந்து எழுதியது. ஞாயிறு மட்டும் வேலுச்சாமி. சனி மாலை மழைமானி வேலியின் சாவியைக் கொடுப்பேன், திங்கள் காலை வாங்கிக்கொள்வேன்.

– பதிவேட்டிலிருந்து 149 நாட்களை எடுத்திருக்கிறாள். என்னுடையவை 126, வேலுச்சாமியின் ஞாயிறுகள் 23. நாளுக்கு ஒரு டெஸ்ட். 'இந்த மழைக்கு மண் சரிந்தது, செய்தி போக வேண்டும்.' 'இந்த மழைக்கு ஒன்றும் ஆகவில்லை, பேசாமல் இருக்க வேண்டும்.' தினமும் காலை ஆறுக்கு மெஷின் தானாக அத்தனையும் ஓட்டிப் பார்க்கும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. முடிவு என் போனுக்கும் வரும்.

15ஆம் தேதி வார்டு மெம்பர் வந்து தொடங்கி வைக்கிறார். அதற்குள் எல்லாம் பச்சையாக வேண்டும்.

பழைய செப்பு மழைமானி இன்னும் கம்பி வேலிக்குள் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் நான்தான் அளக்கிறேன். இன்று 64 மில்லிமீட்டர்.

ஜூலை 8, செவ்வாய்

மழை, விட்டு விட்டு. 38. ஸ்கூலுக்கு அவதி, அதாவது லீவு.

செல்வி இன்று வேண்டுமென்றே புரோகிராமைக் கெடுத்தாள். 'எல்லையைத் தாண்டினால்' என்ற இடத்தில் 'எல்லைக்குக் குறைந்தால்'. திரை முழுக்கச் சிவப்பு. அவளுக்கு ஒரே சந்தோஷம். கெடுத்துவிட்டுச் சிரிப்பானேன் என்று கேட்டேன்.

"செவப்பே ஆகாத டெஸ்ட்ட நம்பக்கூடாதும்மா. தப்புன்னா தப்புன்னு சொல்லணும். இல்லாட்டி அது சும்மா தலையாட்டுற மாடு."

பிடித்திருந்தது. கான்வென்ட்டில் மதரும் இப்படித்தான். ரப்பர் கூடாது, பிளேடால் சுரண்டக் கூடாது. தவறின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து.

பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "உங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா. எங்கப்பாவோடத பாருங்க, கோழி சீச்ச மாதிரி" என்றாள். நான் மறுக்கவில்லை.

ஜூலை 9, புதன்

55. குளிர். முழங்கால் வலி.

காலைச் செய்தி: பாஸ் 148, பெயில் 1. செல்வி வந்து எதையோ மாற்றினாள். அந்தச் சிவப்பு பச்சையானது, வேறொன்று சிவந்தது. மீண்டும் மாற்றினாள். மீண்டும் முதலாவது. மத்தியானம் வரை இதேதான். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு நாளும் ஒண்ணையொண்ணு அடிக்குதும்மா. ஒரு வருசம் ஞாயித்துக்கெழம, அப்பா அளந்தது 142. அஞ்சாம் லயத்துக்குப் பின்னாடி உருள் பொட்டி மாட்டுக்கொட்டகையே போச்சு." (மண்சரிவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.) "இன்னொரு வருசம், ஜூலை பதினாறு, 188. ஒண்ணுமே ஆகல. 188-க்குப் பேசாம இருக்கணும்னா 142-க்கு எப்படிம்மா பேசும்?"

எந்த வருடம் என்று கேட்டேன். சொன்னாள்.

அடுப்பில் பால் என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

47. சாப்பிடவில்லை. எழுதிவிடுவது நல்லது, இந்த நோட்டை யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஜூலையில்தான் என் கணவருக்கு நெஞ்சு வலி. மதுரை ஆஸ்பத்திரி. வண்டியில் ஏறும்போது வேலுச்சாமி ஓடி வந்தார். "சாவியக் குடுத்துட்டுப் போங்கம்மா, நான் அளந்து வைக்கேன்." இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்றேன். உண்மைக் காரணம் அதுவல்ல. வார நாட்களின் கட்டங்களில் அந்தக் கோணல் எழுத்து வேண்டாம் என்று நினைத்தேன். அவர் மூச்சுக்குத் தவிக்கும் அந்த நேரத்திலும் அதை நினைத்தேன்.

பதினோரு நாள். சாவி என் கைப்பையில், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில். பன்னிரண்டாம் நாள் திரும்பினோம். அவரைக் கூட்டி வரவில்லை, கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு அளக்கப் போனேன். 'இந்த நிலைமையிலும் பாரு' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பெருமையாக இருந்தது.

பதிவேட்டைத் திறந்தேன். பதினோரு காலிக் கட்டங்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஜூலைக்குப் பொருந்துகிற மாதிரி நிரப்பினேன். 40, 62, 35. எந்த ஜூலையிலும் ஒரு பெரிய மழை இருக்கும், ஆகவே ஒன்று வைத்தேன். 188. மை ஒரே மாதிரி தெரியக்கூடாது என்று நடுவில் பேனாவைக்கூட மாற்றினேன்.

அந்த மாதம் இங்கே என்ன பெய்தது என்று எனக்குத் தெரியாது. மதுரையில் வெயில்.

சாயங்காலம் செல்வி கேட்டாள். முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி.

"எங்கப்பா அந்த ஞாயித்துக்கெழம அளவு ஜாரைச் சாய்ச்சுப் பிடிச்சு அளந்துருக்குமோ? 142-ன்னு கம்மியா எழுதியிருக்குமோ?"

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே சொல். அந்த 142 டெஸ்டை ஸ்கிப் என்று போட்டாள். ஸ்கிப் என்றால் ஓட்டாமல் தாண்டிவிடுவது.

ஜூலை 11, வெள்ளி

30. காலைச் செய்தி: பாஸ் 148, பெயில் 0, ஸ்கிப் 1. முழுப் பச்சை. எல்லை 190 என்று நின்றுவிட்டது. செல்வி ஏலக்காய் போட்டுப் பாயசம் கொண்டுவந்தாள். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். மீதி சிங்க்கில்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தங்கை ருக்மணி போன். "ஏனக்கா, அங்க மழை ரொம்பவாமா? டிவியில காட்டறாங்க. ஒண்டியா அங்க என்ன பண்றீங்க, ஊட்டுக்கு வந்துருங்க." வேலை இருக்கிறது என்றேன். "எழுபத்தாறு வயசுல என்ன வேலைங்கக்கா?"

குடை வாங்கப் போன இடத்தில் வேலுச்சாமி. பால் இல்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"எம்பொண்ணு என்னை பெயிலாக்கிட்டாளாமே ஆபீஸம்மா?" சிரித்தார். "பள்ளிக்கொடத்துலயும் பெயிலு, கம்ப்யூட்டர்லயும் பெயிலு. போகட்டும். மாடு போனது மட்டும் பொய்யில்லம்மா."

குடைக்குச் சில்லறை சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை எண்ணினேன்.

ஜூலை 12, சனி

இடைவிடாத மழை. 96. மின்சாரம் இல்லை. எதிலும் மனம் இல்லை. சோதனைக்காகச் செல்வி இந்தச் செய்தி ஏற்பாட்டை லயத்தில் இருபது போன்களில் போட்டுவிட்டிருக்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

151.

விடிவதற்குள் பெய்தது. செய்தி எதுவும் போகவில்லை. 190க்குக் கீழே இருந்தால் பேசாதே என்று சொல்லி வைத்திருக்கிறோமே. 'றோம்' என்ன. நான்.

வேலுச்சாமி விடியுமுன்னே தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். ஓடை நிறம் மாறியிருந்ததாம். பாதிப் பேர் ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். ஐந்தாம் லயத்து முத்துமாரி மட்டும் கதவைத் திறக்கவில்லை. பால்காரர் வந்து அப்படியே நடித்துக் காட்டினார்:

"போனு ஒண்ணுஞ் சொல்லலையே மாமா! அதுக்குத்தானே உங்க மக வச்சுருக்கா. போய்ப் படுங்க!"

ஆறே முக்காலுக்கு மண் இறங்கி அவள் அடுப்படிச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. சாயா போட்டு இறக்கி, குழந்தைக்குக் கொடுக்க முன் அறைக்கு வந்திருக்கிறாள். அவ்வளவுதான் இடைவெளி.

பத்து மணிக்குக் குடையோடு போய்ப் பார்த்தேன். சேற்றுக்குள் பாத்திரங்கள். குழந்தை நனைந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது. முத்துமாரி என்னைப் பார்த்து, "உங்களுக்கு எதுக்கும்மா இந்த மழையில சிரமம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்தேன். சிவப்பு மை. பதினோரு கட்டங்களின் மேலும் ஒரே கோடு. பக்கத்தில் 'அளக்கப்படவில்லை', கையெழுத்து, இன்றைய தேதி. கோடு கோணலாகத்தான் வந்தது.

ஜூலை 14, திங்கள்

தூறல். 22.

செல்வி வந்தாள், பின்னாலேயே வேலுச்சாமி. அவர் உள்ளே வரவில்லை. வாருங்கள் என்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் முதல் முறை.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். சாவி, பதினோரு நாள், 188, இரண்டு பேனா. 'இருக்கலாம்' என்று சொன்னதையும்.

அவள் அந்தப் பக்கத்தில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல ஒரு ஞாயித்துக்கெழம உங்க எழுத்துல இருந்துச்சு. பாத்தேன். அப்பா லீவா இருக்கும்னு நானே நெனச்சுக்கிட்டேன். உங்ககிட்டக் கேக்கணும்னே தோணல."

வேலுச்சாமி துண்டை மடித்தபடி, "அந்த ஆடி முழுக்கக் காஞ்சுதாம்மா கெடந்துச்சு. ஓடையில நடந்தே போவோம்" என்றார்.

"தெரிந்துமா இத்தனை வருடம் சொல்லவில்லை?"

"எங் கட்டத்தத் தவிர நான் வேற எதையும் பாத்தனா? பாத்தாலும் யாருட்டச் சொல்ல? நீங்க எழுதுனாத்தான மழை."

குத்திச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"உங்கள் 142 சரியான அளவு" என்றேன். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. வாயில் வரவில்லை.

செல்வி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலைக்காரர்களிடம் நான் பேசும் குரலில் கேட்டாள்:

"வேற மாசம் ஏதும் இருக்காம்மா?"

"இல்லை."

"இல்லைங்கிறத எப்படி டெஸ்ட் பண்றது?"

மற்ற நாளெல்லாம் மழையிலும் காய்ச்சலிலும் போய் அளந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்தது அவளுக்குப் போதாது. போதவும் கூடாது. நான் அவளிடத்தில் இருந்தால் இதற்கும் மேலே கேட்டிருப்பேன்.

அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தாள். மின்சார மானியிலும் பதிவான நேற்றைய 151ஐப் புது டெஸ்டாகச் சேர்த்தாள். எல்லையை 130க்கு இறக்கினாள். பக்கத்து எஸ்டேட் பதிவேடு கிடைத்தால் ஒத்துப் பார்க்கலாம், அதுவரைக்கும் என்று இழுத்தாள். செய், என்றேன்.

போகும்போது, மின்சார மானியைச் சரிபார்க்கத் தினமும் ஒருவர் கையாலும் அளக்க வேண்டும் என்றாள். வேலிச் சாவியைக் கேட்டாள்.

வளையத்திலிருந்து கழற்ற வரவில்லை. வேலுச்சாமிதான் பல்லால் பிரித்தெடுத்தார்.

ஜூலை 15, செவ்வாய்

கனத்த மழை. ஆறு மணி நான்கு நிமிடத்துக்குச் செய்தி வந்தது.

பாஸ் 24, பெயில் 0, ஸ்கிப் 126.

வேலுச்சாமியின் ஞாயிறுகள் இருபத்து மூன்று, முந்தாநாள் ஒன்று. என்னுடையது ஒன்றுகூட ஓடவில்லை.

ஏழே முக்காலுக்குக் குளித்துப் புடவை மாற்றிக் குடையை எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. குடையைத் திரும்ப மாட்டினேன்.

எட்டரை. பின் ஜன்னலிலிருந்து வேலி தெரியும். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். பூட்டைத் திறந்தார். செப்புக் குடுவையைத் தூக்கி ஜாரில் ஊற்றினார். முழங்கால் வலியோடு குனிந்து, கண்ணுக்கு நேரே கொண்டுபோய், தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருந்தார்.

நேராகத்தான் பிடிக்கிறார்.