கட்டிலுக்கு மேலே கருநீலம்

ஜூடி அப்பாவுக்கு,

நேர்ல கேட்டா சிரிச்சி மழுப்பிடுவே. அதான் எழுதி சோத்து கேரியர்ல வெக்கிறேன்.

பொண்ணு பிரசவத்துக்கு மாதவரம் போயி ரெண்டு மாசம் கழிச்சி வந்தா, படுக்கிற ரூமு கருநீலமா கீது. எண்ணூர் கரண்டு பிளாண்ட்டு சாம்பல் படிஞ்சா தெரியாதுன்னு அடிச்சியாம். சாம்பல் வெளுப்பாச்சே, கருநீலத்துலதான் பளிச்சுனு தெரியுது! இத்தினி வருசமா சுவத்தைத் திரும்பிப் பார்க்காத மனுசனுக்கு இந்தக் கலரை எவ சொல்லிக் குடுத்தா? நான் வந்ததுலேர்ந்து நீ ரூமுக்கும் வர்றதில்ல. ஹால்ல டிவி முன்னாடியே ஒக்காந்துகினு கீறே.

இன்னிக்குக் கட்டிலுக்கு மேல, புதுப் பெயிண்டுல எண்ணெய்க் கறையைப் பார்த்தேன். யாரோ ஒக்காந்து தலை சாச்ச கறை. நானும் ஒக்காந்து பார்த்தேன், என் தலை அவ்ளோ உசரம் எட்டல. எவ தலையோன்னு கிட்டப் போயி மோந்து பார்த்தேன்.

உன் தைலம்.

கரி யார்டுல வேலை செஞ்ச எங்க நைனாவும் கரித்தூசுல மூச்சு முட்டி, கடைசியில இப்படித்தான் சுவத்துல சாஞ்சே தூங்குச்சு. நீயும் அதே யார்டுதானே. நான் இல்லாதப்ப சாஞ்சு சாஞ்சு வெள்ளச் சுவத்துல உண்டான கறையை எனக்குத் தெரியாம மறைக்கத்தான் இந்தக் கலரா?

சொல்லுய்யா, நீ படுத்துத் தூங்கி எத்தினி நாளாச்சி?

உன் பொஞ்சாதி