அடுப்படியிலிருந்து பார்த்தால்

மார்ச் 3

என் வீட்டுக்காரிக்கு,

நலம். நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து சமையல் நான்தான். இருந்தும் உடம்பு இளைக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது.

புது வாடகை வீடு பிடித்துவிட்டேன். பழையதைவிட ஒன்றரை மடங்கு பெரிசு. இந்தக் கடிதத்தோடு வீட்டு பிளானும் வைத்திருக்கிறேன். கட்டட டிராஃப்ட்ஸ்மேனுக்கு இதைவிட நல்ல காதல் கடிதம் எழுத வராது. பார்த்துவிட்டுக் கிளம்பி வா.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

என்னங்க,

பிளான் வந்தது. அத்தான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அடடா, என்ன காற்றோட்டம்!" என்றார். எனக்கு அதுகூடப் புரியவில்லை. கூரையைக் கழற்றிவிட்டு மேலேயிருந்து பார்க்க நான் என்ன காக்காயா? அடுப்புக்கு முன்னால் நின்றால் என் கண்ணுக்கு என்ன தெரியும்? அதைச் சொல்லுங்கள்.

வீடு சின்னது என்றா நான் கிளம்பினேன்? நீங்கள் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். சுவரோடு பேசிப் பேசி வாய் வலித்துவிட்டது.

இப்படிக்கு, காக்காய் அல்லாதவள்

மார்ச் 15

அடியே,

புது வீட்டில் உலை கொதிக்கும்வரை அடுப்பு முன்னால் நின்றேன். எதிரே சுவர். இடப்பக்கம் குழாய். வலப்பக்கம், சந்தேகமில்லாமல், இன்னொரு சுவர். ஹாலில் டிவி சிரிக்கிறது, எதற்கென்றுதான் தெரியவில்லை.

சுவரை இடிக்கலாமா என்று வீட்டு ஓனரைக் கேட்டேன். "முதலில் உங்களை இடிப்பேன் சார்" என்றார், மரியாதையாக.

அதனால் என் வரைபலகையை அடுப்படிக்குள் தள்ளிவிட்டேன். இடம் விட்டுக்கொடுத்த ஃபிரிட்ஜ் ஹாலில் விருந்தாளி மாதிரி நிற்கிறது. இனி நீ அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தால் என் வழுக்கை தெரியும். காட்சி சுமார்தான். ஆனால் பேசினால் பதில் வரும். இதைப் பிளானில் காட்ட ஒரு குறியும் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

வழுக்கை

மார்ச் 20

என்னங்க,

நான் சிரித்த சத்தத்தில் அக்கா ஓடி வந்தாள். "உடனே இறங்கிப் போயிடாதேடி" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பார்க்கத்தான். பெட்டி இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், விசாரித்து நானே வந்துவிடுவேன்.

அன்றைக்கும் சமையல் நீங்கள்தான். நான் உங்கள் வரைபலகை முன்னால் உட்கார்ந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி